கவிழ்த்தால்தான் ஆட்டம்

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தணிந்த குரலில் பேசினார்கள். தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டுக்கு வந்தவர்கள் பேசுவது போல. "சாப்பிடுறாங்களா? மருந்தெல்லாம் ஒழுங்கா எடுக்குறாங்களா?" என்று என் தலைக்கு மேலே என் கணவரிடம் கேட்டார்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். போனது கால்தான். காது இரண்டும் நன்றாகக் கேட்டன.

கணவரின் அக்கா அடிக்கடி வந்தார். சக்கரை போடாத பாயசம், முருங்கைக்கீரை என்று ஏதாவது சமைத்து எடுத்து வருவார். "இனிமே நீ எதுக்கும் அலட்டிக்காத. உக்காந்த எடத்துக்கு எல்லாம் வரும். சாமி பாட்டப் போட்டுக் கேட்டுக்கிட்டு இரு" என்பார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பைக் கேட்கும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அதுவரை நான் உட்கார்ந்து வாழ்ந்தவள் இல்லை. பத்து காஜா ஊர்ப் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். இனிப்பு நீர் வியாதி இருந்தது. ஷூ கடித்துக் கட்டைவிரலில் வந்த சின்னப் புண் ஆறவில்லை, ஏறிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு காலை. தொழிற்சாலை நாலு நல்ல வார்த்தை சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பியது. ஈப்போவில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு, என்னை அதில் வைத்துவிட்டு, என் கணவர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாங்கள் இருவரும் பிறந்த ரப்பர் தோட்டம் இப்போது செம்பனைத் தோட்டம். அங்கிருந்துதான் அவர் குலை ஏற்றி வருகிறார்.

கீழ்மாடியில் பள்ளி வேன் ஓட்டும் பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இளையவள். நல்ல பருமன், பெரிய குரல். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, என்னைப் புண்ணுக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். அவள் மட்டும் என்னிடம் குரலைத் தணித்துப் பேசியதில்லை. ஒரு நாள் வேனின் பின்பக்கம் பெரிய கறுப்பு லாரி டியூப் ஒன்று காற்றடித்துக் கிடந்தது.

"இது என்னா, ஸ்பேர் டயருக்கா?"

"இல்லக்கா. இது வெளாடுறதுக்கு. தண்ணியில போலோ."

பிள்ளைகளின் விளையாட்டு என்று நினைத்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே விளக்கினாள். நகராட்சி நீச்சல் குளத்தில் ஞாயிறு காலையில் நடக்கிறது. ஆணும் பெண்ணும் கலந்த அணி. ஆளுக்கொரு டியூப். டியூப் ஓட்டைக்குள் உட்கார்ந்துகொண்டு, கையால் துழாவித் துழாவி நகர்ந்து, பந்தை எதிர்ப்பக்க வலைக்குள் எறிய வேண்டும்.

"பந்து யாரு கையில இருக்கோ அவங்கள டியூப்போட கவுக்கலாம். பந்து இல்லாதவங்களக் கவுத்தா தப்பு. கவுந்தவங்க மறுபடி ஏறி உக்கார்ற வரைக்கும் பந்தத் தொடக்கூடாது. அவ்ளோதான்கா சட்டம்."

"நீச்சல் தெரியாதவங்க?"

"லைஃப் ஜாக்கெட் போட்டுக்குவாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பழைய ஈயக் குட்டை இருந்தது. அதில் இறங்கக்கூடாது என்று எங்களை அடிக்காத பெரியவர்கள் கிடையாது. அடி வாங்கிக்கொண்டே எல்லாரும் நீச்சல் கற்றோம். ஆனால் நான் அப்போது நீச்சலைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைதான் என் மனதில் நின்றது. உட்கார்ந்துகொண்டு.

"காலு?" என்றேன்.

"காலத் தூக்கி டியூப்பு மேல போட்டுக்க வேண்டியதுதான். அதுக்கு அங்க பெரிய வேலையில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "வாரீங்களா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் தயக்கமே இல்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கக் கூப்பிடுவது போலக் கேட்டாள்.

புண் முழுக்க ஆறி, பொய்க்காலும் மாட்டிப் பழகிய பிறகு, தண்ணீரில் இறங்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, இறங்கலாம், வெளியே வந்ததும் நன்றாகத் துடைத்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வீட்டில் யாரிடமும் நான் அனுமதி கேட்கவில்லை. சொல்ல மட்டும் செய்தேன். கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நீ சொன்னா கேக்கவா போற" என்றார். அதோடு சரி.

மலாய்ப் பெண்கள் அணிவது போல் கை நீண்ட நீச்சல் உடை ஒன்றைப் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கி, இடது பக்கக் காற்சட்டையை முடிச்சுப் போட்டுக்கொண்டு, பொய்க்காலோடு வேன்காரி கூடக் குளத்துக்குப் போனேன். வாசலில் இருந்த குளத்துக் காவலர் என்னை நிறுத்தினார். நடுத்தர வயது மலாய்க்காரர். முரட்டு ஆள் இல்லை. "தா போலே, காக்" என்றார். கூடாது அக்கா, ஆபத்து, ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தான் கேட்பார்கள், நீங்கள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள் என்று மலாயில் விளக்கினார்.

மறுபடியும் உட்கார்ந்து பார்ப்பது.

நான் அவரோடு வாதாடவில்லை. பார்க்கத்தான் போகிறேன் என்பது போல உள்ளே நடந்து போய்க் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். பொய்க்காலைக் கழற்றி, உறையைச் சுருட்டி அதற்குள் வைத்து, பக்கத்தில் படுக்க வைத்தேன். காவலர் எனக்குப் பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டேன்.

தண்ணீர் என்னை எந்தக் கேள்வியும் கேட்காமல் தூக்கியது. பல மாதங்களாக என் உடம்பு எனக்கு ஒரு மூட்டையாக இருந்தது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு நானே சுமந்து திரிந்த மூட்டை. இங்கே அதற்குக் கனமே இல்லை. வேன்காரி டியூப்பைத் தள்ளிவிட்டாள். அதைப் பிடித்து ஏறப் பார்த்தேன். வழுக்கியது. மறுபடி வழுக்கியது. இரண்டு கால் உள்ளவர்கள் தண்ணீரை உதைத்து மேலே எழும்புகிறார்கள். எனக்கு அந்த உதை சரியாக வரவில்லை. கடைசியில் குட்டையில் செய்தது நினைவுக்கு வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு டியூப்புக்கு அடியில் போய், ஓட்டை வழியாகத் தலையையும் கைகளையும் மேலே விட்டு, முழங்கைகளை ஊன்றி உடம்பை இழுத்துப் பின்னால் சாய்ந்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

காவலர் நீளமான மீட்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எனக்கு நேரே கரையில் நின்றார். அன்று முழுக்க நான் எந்தப் பக்கம் போனாலும் அவரும் கம்பியோடு கூடவே நடந்தார்.

ஞாயிறு தவறாமல் போனேன். இடது பக்கம் கனம் குறைவு என்பதால் டியூப் வலது பக்கமே சாயும். இடுப்பை இடது பக்கம் ஒதுக்கி உட்காரப் பழகினேன். தொழிற்சாலையில் பெட்டி தூக்கிய தோள்கள் எனக்கு இருந்தன. பின்னோக்கித் துழாவிப் போவதில் நான் வேகம். எங்கள் அணியில் ஒரு சீன மருந்துக்கடைக்காரர், தபால்காரர் ஒருவர், கல்லூரி முடித்த இரண்டு பெண்கள், வலையைக் காக்க வேன்காரி. பயிற்சி முடிந்ததும் எதிரே உள்ள கடையில் ரொட்டி சானாய் சாப்பிடுவார்கள். நான் தே ஓ கோசோங், பாலும் சக்கரையும் இல்லாத தேத்தண்ணி. சத்தமாகப் பேசுவோம். யாரும் குரலைத் தணிக்க மாட்டார்கள்.

ஒரு ஞாயிறு, உடற்பயிற்சி நிலையம் ஒன்றிலிருந்து பிள்ளைகள் எங்களோடு ஆட வந்தார்கள். எல்லாம் தோளும் புஜமுமான இளைஞர்கள். அவர்களில் மலைபோல ஒரு தமிழ்ப் பையன். எங்கள் ஆட்களில் யார் கையில் பந்து வந்தாலும் ஒரே கையால் கவிழ்த்துவிடுவான். தபால்காரர் தண்ணீருக்குள்ளேயே பாதி ஆட்டத்தைக் கழித்தார்.

அவன் இருந்த பக்கம் எனக்குப் பந்து வந்தது. கவிழ்வதற்குத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டேன். அவன் என் டியூப் வரை வந்தான். கையை நீட்டினான். நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். எனக்கு முன்னால் வழி திறந்தே கிடந்தது. எறிந்தேன். வலைகாப்பவன் கையைப் பாதி தூக்கியதோடு நிறுத்திக்கொண்டான். பந்து உள்ளே போனது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவ்வளவு கைதட்டலுக்கு அது தகுதியான எறியே இல்லை. எதிரணியும் தட்டியது. மலைபோன்றவன் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏன் என்னக் கவுக்கல?" என்று அவனைக் கேட்டேன்.

"கோலு போட்டுட்டீங்கள்ல ஆண்ட்டி. அப்பறம் என்னா?"

"அத நான் கேக்கல. கைய நீட்டிட்டு ஏன் எடுத்துக்கிட்ட?"

அவன் என் முடிச்சுப் போட்ட காற்சட்டையைப் பார்த்தான். உடனே பார்வையை விலக்கிக்கொண்டான். "இல்ல ஆண்ட்டி, பாவமா இருந்துச்சு" என்றான்.

நடுவர் ஓர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர். அந்தக் கோலை எடுத்துவிடுங்கள் என்று அவரிடம் மலாயில் சொன்னேன். கோல் விழுந்தால் விழுந்ததுதான், எடுக்க முடியாது என்றார். அவர் சொன்னது சரி.

"பந்தக் குடு" என்று வலைகாப்பவனைக் கேட்டேன். ஆட்டத்தை அவர்கள்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் நான் கேட்டதும் கொடுத்துவிட்டான். அதுவும் பாவத்தில் கொடுத்ததுதான். பந்தை மடியில் வைத்துக்கொண்டு, பின்னோக்கித் துழாவி, குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போனேன். மெதுவாகத்தான் போனேன். யார் வேண்டுமானாலும் கவிழ்த்திருக்கலாம். ஒருவரும் கிட்டே வரவில்லை. எங்கள் வலைக்கு முன்னால் வேன்காரி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, என்னா செய்யிறீங்க?"

அவள் தோளுக்கு மேலாக எங்கள் வலைக்குள்ளேயே பந்தை எறிந்தேன்.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்தார். பிறகு ஊதினார். அந்த ஒரு கோலில் நாங்கள் தோற்றோம்.

அன்றும் அவள்தான் வேனில் என்னை அழைத்து வந்தாள். பிளாட்டுக்குக் கீழே நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் சொன்னாள். "அது உங்க கோலு மட்டும் இல்லலா அக்கா. நாங்களும்தான் வெளாடுனோம்."

"அவன் எனக்குப் பிச்ச போட்டான். அத வாங்கி அணிக்குக் குடுக்கச் சொல்றியா?"

"எனக்குப் புரியுது. ஆனாலும் கோவமா வருது."

"வரட்டும். கோவப்படு. ஆனா மறுபடி அப்படி நடந்தா மறுபடியும் அதத்தான் செய்வேன்."

அவள் சிரிக்கவில்லை. வேனைவிட்டு நான் இறங்கும்போது வழக்கம்போலக் கைத்தடியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு என் கதவைத் தட்டுவாளா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டினாள். மன்னிப்பு நானும் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ரொட்டி சானாய்க் கடையில் தபால்காரர் மட்டும் கொஞ்ச நாள் என் பக்கம் உட்காராமல் இருந்தார்.

அதே பிள்ளைகளோடு மறுபடி ஆட்டம் வந்தது. அன்று பந்து என் கைக்கு வந்ததும் மலைபோன்றவன் வந்தான். ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு டியூப்பின் விளிம்பைப் பிடித்துப் புரட்டினான்.

தலைகீழாக உள்ளே போனேன். மூக்கில் குளோரின் ஏறி மண்டைக்குள் எரிந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது டியூப் தலைக்கு மேலே கறுப்பு வட்டமாக மிதந்தது. கம்பியின் முனை ஒன்று தண்ணீருக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தது. காவலர். கம்பியைக் கையால் தள்ளிவிட்டு, ஓட்டைக்குள் தலையை விட்டு மேலே வந்தேன். இருமிக்கொண்டே ஏறி உட்கார்ந்தபோது அவர்கள் கோல் போட்டு முடித்துவிட்டார்கள். யாரும் என் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் வேன்காரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள், பந்தை விட்டுவிட்டாள் என்று.

"ஓகேவா ஆண்ட்டி?" என்றான் அவன்.

"பேசாத. வெளாடு."

அன்று அவன் என்னை எத்தனை முறை கவிழ்த்தான் என்று நான் எண்ணவில்லை. வீட்டுக்கு வந்து வயிறு வலிக்க, தோள் வலிக்கப் படுத்தேன். நல்ல வலி.

யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றிக் கணவரின் அக்காவிடம் போயிருக்கிறது. அன்று அவர் கையில் சமையல் எதுவும் இல்லாமல் வந்தார். போனை என் முன்னால் நீட்டினார். நான் டியூப்பில் ஏறும் காட்சி. ஈர உடையில், குட்டைக்கால் மேலே தெரிய, முகமெல்லாம் கோணலாக.

"ஆம்பளைங்க நடுவுல ஈரத் துணியோட. அதுவும் இந்தக் காலத் தூக்கிக் காட்டிக்கிட்டு. கோயில்ல எல்லாரும் எங்கிட்ட கேக்குறாங்க. ஒனக்கு என்னா ஆச்சு? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கிட்டுப் போவணும் ஒன்ன."

"அங்க கொளம் இருக்கா, அண்ணி?"

"வெளையாடாத."

"வெளையாடத்தான் போறேன். கால மூடி வெச்சுக்கிட்டு நான் எங்க ஒளியறது? ஆஸ்பத்திரியில எல்லாரும் வந்து பாத்தீங்க. அப்ப பாக்க நல்லா இருந்துச்சு. இப்பப் பாக்க அசிங்கமா இருக்கா?"

அவர் கண் கலங்கினார். எனக்கு வருத்தம்தான். சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் தம்பியின் பக்கம் திரும்பி, "நீயாச்சும் சொல்லேன்டா" என்றார். என் கணவர் போனை வாங்கி அந்தப் படத்தைத் திரும்பவும் ஓட்டிப் பார்த்தார்.

அந்த ஞாயிறும் அதே பிள்ளைகளோடுதான் ஆட்டம். என் கணவரும் குளத்துக்கு வந்தார். தடுப்புக் கம்பிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் முறை நான் கவிழ்ந்ததும், "டேய், யாரு மேல கைய வெக்கிற" என்று கத்திக்கொண்டு தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். மலைபோன்றவன் இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டான்.

நான் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "என்னங்க, நீங்க போயி உக்காருங்க. பந்து எங்கிட்டத்தான் இருந்துச்சு" என்றேன்.

போய்க் காவலர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டம் முடியும் வரை அவர்கள் இருவரும் ஒரே மாதிரி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது கேட்டார். "அந்தப் பயல நீ ஒருவாட்டியாச்சும் கவுத்தியா?"

"முடியல. கனம்."

"ஒன் டியூப்புல காத்து ஜாஸ்தி. கொஞ்சம் எறக்கிட்டா நீ தாழ உக்காருவ. அப்பத் தள்ளுறதுக்குப் பிடி கெடைக்கும்." லாரிக்காரர் பேசினார். அவர் சொன்னபடி காற்றை இறக்கினேன். அவனைக் கவிழ்க்க அதன் பிறகும் பல ஞாயிறுகள் ஆயின. கவிழ்த்தேன்.

கணவரின் அக்கா அந்தச் சண்டைக்குப் பிறகு இன்னும் வீட்டுக்கு வருவதில்லை. விசேஷங்களில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். நானும் அசைப்பேன். அவருக்கு மனம் மாறும் வரை நான் குளத்துக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை.

கடந்த ஆண்டு தைப்பிங்கில் ஒரு போட்டி நடந்தது. மழை தூறிக்கொண்டே இருந்தது. தைப்பிங்கில் அப்படித்தான். ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் ஒருவர், ஊனத்தை வென்ற சகோதரி ஒருவர் நம்மிடையே இருக்கிறார், பலத்த கரவொலி தாருங்கள் என்றார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் டியூப்பில் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டிருந்தேன்.

"நான் எதயும் வெல்லலலா" என்று வேன்காரியிடம் சொன்னேன். "கால எடுத்தாங்க. அவ்ளோதான்."

"விடுங்கக்கா. இன்னிக்காச்சும் அவங்க வலைக்குள்ள எறிங்க."

எறிந்தேன். ஒரு கோல், சரியான கோல். என்னைத் தடுக்க இரண்டு பேர் வந்தும் விழுந்த கோல். ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அப்போது எதிரணியில் ஒரு பெண், மெலிந்தவள், படுவேகக்காரி, பந்தோடு எங்கள் வலையை நோக்கிப் போனாள். நான் பின்னோக்கித் துழாவிப் போய், அவள் டியூப்பைக் கீழிருந்து பிடித்துப் புரட்டினேன். அழகாகக் கவிழ்ந்தாள்.

விசில் ஒலித்தது. அவள் பந்தை ஏற்கெனவே எறிந்துவிட்டாளாம், பந்து இல்லாத ஆளைக் கவிழ்த்துவிட்டேனாம். நடுவர் என்னைக் குளத்தை விட்டு வெளியே போகச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு எழுந்து நின்று கைதட்டிய அதே கூட்டம் "உவூ" என்று ஊளையிட்டது.

விளிம்பில் ஏறி உட்கார்ந்து நடுவரோடு மலாயிலும் தமிழிலும் சண்டை போட்டேன். அவர் கேட்கவில்லை. என் கணவரும் வந்து சேர்ந்துகொண்டார், அவரையும் தள்ளிப் போகச் சொன்னார்கள். நான் இல்லாத நேரத்தில் அவர்கள் இன்னொரு கோல் போட்டார்கள். நாங்கள் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். வேன்காரி வழி முழுக்க, "அவசரப்பட்டுட்டீங்க அக்கா, அவ எறிஞ்சிட்டா, நான் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் பார்த்தது தவறு. நான் கவிழ்த்தபோது பந்து அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தது. விரல் நுனியிலாவது இருந்தது. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.